இருட்டறைக்கு வந்த வாழ்வு

சென்ற மாதம் சென்னையில் ஒரு போட்டோக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். அழைத்தவர் ஓவிய நண்பர். நான் மறுத்திருந்தால், கதை எழுதுகிறவனுக்குக் கலை பிடிக்காது என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார். போனேன். போனதும் நல்லதாயிற்று, இல்லாவிட்டால் இந்தக் கோபம் எனக்கு வந்திராது.

படங்களை எடுத்தவர்கள் எல்லாரும் இக்காலத்துப் பிள்ளைகள். எடுத்த விதம்தான் பழசு. 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த நீலப்பட முறையில் சில. இரும்பு உப்புக்களைத் தாளில் பூசி வெயிலில் வைத்து வெறும் தண்ணீரில் அலசினால், வெயில் பட்ட இடமெல்லாம் நீலம் பிடித்துக்கொள்ளும். 1851-ல் பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கண்ணாடி முறையில் சில. கண்ணாடியில் கொல்லோடியனைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, அது காய்வதற்குள், அதாவது பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள், படமும் எடுத்துக் கழுவியும் ஆகவேண்டும். மூன்றாவது வகை, இருட்டறையில் கையால் போட்ட கறுப்பு வெள்ளைப் பிரிண்டு. இதையும் 'பழங்கால முறை' என்று சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்கே நரை கூடிவிட்டது போலிருந்தது. ஏனென்றால், கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு 1999-ல் விழுப்புரத்தில் ஒரு ஸ்டுடியோவில் எட்டு மாதம் எடுபிடியாக இருந்தவன் நான். அந்தப் பழங்காலத்தில் ஹைப்போத் தொட்டியைக் கழுவியிருக்கிறேன்.

படங்கள் நன்றாயில்லை என்று சொல்லவரவில்லை. ஒரு நீலப்படத்தில் வேப்பங்கொத்து ஒன்று, நிலவில் நனைந்தது போல் இருந்தது. அதன் முன்னால் வெகு நேரம் நின்றேன். செல்போனில் நிமிஷத்துக்கு நாற்பது படம் எடுத்துத் தள்ளும் காலத்தில் ஒரு பையன் ஒரே ஒரு படத்துக்காக நாள் முழுவதும் வெயிலில் காய்கிறான் என்றால், அவனைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது.

அப்படிக் காய்ந்த பையன் ஒருவன் அங்கேயே நின்றிருந்தான். வெள்ளி நைட்ரேட் பட்டு விரல் நுனியெல்லாம் கறுப்பு. அதை நாலு பேர் ஆசையோடு படம் பிடித்தார்கள். என் பழைய முதலாளியின் நினைவு வந்தது. டெவலப்பர் மருந்தில் ஊறிப் பழுப்பேறிய நகங்களைப் பெண் பார்க்கப் போன வீட்டில் கண்டு, ஏதோ வியாதி என்று பயந்து சம்பந்தத்தையே விட்டுவிட்டார்களாம். அவர் சொல்லிச் சிரிப்பார். அதே கறைக்கு இங்கே என்ன மரியாதை!

பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பழைய ஸ்டுடியோக்களில் கண்ணாடி நெகட்டிவுகள் இன்னும் கொஞ்சம் கிடக்கின்றன என்றேன். அவன் முகம் மலர்ந்தது.

"அப்படியா சார்? பழைய கண்ணாடிக்கு ஒரு தனி அழகு சார். சுரண்டிட்டு மேலே கொல்லோடியன் ஊத்தினா பிரமாதமா வரும்."

மனத்தில் கள்ளமில்லாத பிள்ளை. தான் என்ன சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த மண்டபத்தில் யாருக்குமே தெரியவில்லை என்பதுதான் என் புகார். முறையைப் பூஜிக்கிறார்கள், அந்த முறையால் விளைந்த படத்தைச் சுரண்டச் சொல்கிறார்கள்.

சரித்திரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். சென்னை ராஜதானியில் சர்க்கார் செலவில் போட்டோ எடுக்கப் புறப்பட்டவர் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி. 1858-ல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை என்று பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுற்றினார். 1859-ல் கவர்னராக வந்த சார்ல்ஸ் டிரெவெலியன், இது கஜானா தாங்காத ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார். அந்த ஆடம்பரம் நூறு வருஷத்துக்குள் விழுப்புரம் ஜங்ஷன் தெருவுக்கு இறங்கி வந்தது. யாருடைய தயவால்? கவர்னராலா? மாடிப்படிக்கு அடியில் சாக்குப்படுதா கட்டி இருட்டறை செய்துகொண்ட போட்டோக்காரரால்! எங்கள் ஸ்டுடியோவில் 'இந்து' தாளில்தான் பிரிண்டு போடுவோம். (மதமில்லை, ஐயா, இந்து என்றால் சந்திரன்.) உதகமண்டலத்தில் 1960-ல் உருவாகி 1967-ல் உற்பத்தியைத் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த தாள். தொழிற்சாலை இன்று மூடிக் கிடக்கிறது. அந்தத் தாளில் ஹால் டிக்கெட்டுக்குப் பிள்ளைகளும், கல்யாணத்துக்குப் பெண்களும், கூலிக்காரரும், கல்லுடைக்கிறவரும் முகம் பெற்றார்கள். அதுவரை ராஜாவுக்கும் ஜமீன்தாருக்கும்தான் முகம் இருந்தது. மற்றவர்களுக்குத் தலை மட்டும்தான் இருந்தது.

போட்டோ என்பதன் பெருமையே, ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்பது. அக்காளுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று, மலேயாவுக்குப் போன மாமனுக்கு ஒன்று. கண்காட்சியிலோ ஒவ்வொரு பிரிண்டுக்கும் கீழே '5-ல் 1', '5-ல் 2' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஐந்தோடு நிறுத்திக்கொள்வார்களாம். ஈரக் கண்ணாடிப் படம் ஒன்றே ஒன்றுதான் என்றால் அது அதன் பிறவிக் குணம், ஒப்புக்கொள்கிறேன். நெகட்டிவைக் கையில் வைத்துக்கொண்டு ஆறாவது பிரிண்டு போட மாட்டேன் என்பது என்ன குணம்? விலையைப் பார்த்தேன். என் முதல் நாவலுக்குக் கிடைத்ததைவிட அதிகம். டிரெவெலியன் ஆடம்பரம் என்று சொன்ன இடத்துக்கே அதைத் திரும்ப ஏற்றிவிட்டோம் என்பதுதான் என் கட்சி.

எல்லாரும் அப்படி என்று சொல்லமாட்டேன். சாந்திநிகேதன் ஆசிரியர் அர்பன் முகர்ஜி ஈரக் கண்ணாடி முறையை ஊன்றிப் பயின்றவர். அந்த மருந்துக்கு நீல ஒளிதான் தெரியும். ஆகவே நம் பழுப்புத் தோல் இன்னும் கறுத்து விழும். அதையே வைத்துக்கொண்டு, சிவப்புத் தோலின் மேல் நமக்குள்ள மோகத்தைக் கேள்வி கேட்டார். புஷ்பமாலா, பம்பாயில் சினிமா நட்சத்திரங்களைப் படமெடுத்த ஜே. எச். தக்கரின் ஸ்டுடியோவுக்கே போய், அந்த முதியவர் கையாலேயே தம்மைப் படமெடுக்கச் சொன்னார். கையைத் தேடிப் போனார் பாருங்கள், அது மரியாதை.

இப்போது என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். விழுப்புரம் ஸ்டுடியோவில் பரணை ஒழித்தபோது முதலாளியின் தகப்பனார் காலத்துக் கண்ணாடி நெகட்டிவுகள் பெட்டி பெட்டியாக வந்தன. சாமி படத்துக்குப் பிரேம் போடுகிற கடைக்காரர் கண்ணாடிக்கு விலை பேசியிருந்தார். வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, தென்னைநார் வைத்து நான்தான் தேய்த்தேன். மூன்று நாள். முகங்கள் முதலில் வழவழக்கும். பிறகு ஓரத்தில் தோலுரிந்து, தண்ணீரில் சாம்பல் படலமாக மிதந்து சாக்கடைக்குப் போகும். அந்தக் காலத்துக் கண்ணாடிக்குச் சிவப்புத் தெரியாது. பிரிண்டு போட்டால் குங்குமம் கறுப்பாக விழும். நெகட்டிவில் அதுவே வெள்ளைப் பொட்டு. எத்தனை வெள்ளைப் பொட்டுக்களைத் தேய்த்தேனோ, கணக்கில்லை. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாயங்காலம் டீயும் பஜ்ஜியும் கிடைத்தது.

நாலு வருஷம் கழித்து என் ஆயா இறந்துபோனாள். மாலை போட ஒரு படம் இல்லை. 1961-ல் திண்டிவனத்தில் கல்யாணக் கோலத்தில் ஒரு படம் எடுத்தார்கள் என்று அம்மா சொன்னாள். அந்த ஸ்டுடியோவுக்குப் போனேன். "கண்ணாடியெல்லாம் எப்பவோ பிரேம் கடைக்குப் போயிடுச்சு தம்பி" என்றார் பெரியவர். அவரிடம் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்யதை இருக்கிறது? திண்டிவனத்தில் எந்த வீட்டுப் பூஜை அறையில், எந்த முருகனுக்கு முன்னால் என் ஆயா கண்ணாடியாக நிற்கிறாளோ!

'சின்ன ஊர் ஸ்டுடியோப் படத்தில் கலை எங்கே இருக்கிறது?' என்று நண்பர் கேட்டார். விழுப்புரத்துக்குக் கிழக்கே, பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. அங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடிப் பிரதி எடுத்தார்கள். காசு கொடுக்காமல் யாரும் இணையத்தில் பார்க்கலாம்; '5-ல் 1' கிடையாது. பிரெஞ்சுக்காரருக்கும் இங்கிலீஷ்காரருக்கும் தெரிந்த மதிப்பு நம் காட்சிக்கூடங்களுக்குத் தெரியவில்லையே என்று நான் வெட்கப்படுகிறேன். சுவரில் பாதியையாவது ஒதுக்கட்டும். ஹெர்ஷல் முறையில் வேப்பங்கொத்துப் போடத் தெரிந்த பிள்ளைகளுக்கு, திண்டிவனத்துக் கண்ணாடியிலிருந்து ஒரு பிரிண்டு போடுவது பெரிய வித்தையா? கீழே அந்தப் போட்டோக்காரர் பெயரைப் போடட்டும்.

பையனின் டெலிபோன் எண்ணை வாங்கி வந்திருக்கிறேன். திண்டிவனத்தில் இன்னொரு ஸ்டுடியோ, இப்போது செல்போன் ரிப்பேர்க் கடை. மாடிப்படிக்கு அடியில் ஒரு பலகைப் பெட்டி இருக்கிறது. போன வாரம் திறந்து பார்த்தேன். மேல்வரிசையில் ஏழெட்டு ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கின்றன, அடியில் உள்ளவை சுத்தமாக இருக்கின்றன. கடைக்காரர் நல்லவர்.

"பிரேம் கடைக்காரர் ரெண்டு தடவை வந்து கேட்டுட்டுப் போயிட்டாரு சார். நீங்க எடுத்துக்கிறதுன்னா ஐப்பசிக்குள்ள எடுத்துக்குங்க. மேல தளம் ஒழுகுது" என்றார்.