தானோஸை கவுத்தது யாரு?

வில்லனை எவ்ளோ பெரிய ஆளா காட்டலாம்? சூப்பர் ஹீரோ காமிக்ஸ் எழுதுறவங்களுக்கு இதுதான் தீராத தலைவலி. டம்மி பீஸா காட்டினா ஹீரோவுக்கு மரியாதை இல்லை. ஓவரா ஏத்திவிட்டா, கடைசி பக்கத்துல அவனை எப்படித் தோற்கடிக்கிறது? திடீர்னு ஹீரோவுக்கு ஒரு புது பவர் வரும். நம்ம காதுல பூ!

1992-ல சூப்பர்மேனைக் கொல்ல டி.சி. காமிக்ஸ் இறக்கின டூம்ஸ்டேவை எடுத்துக்கோங்க. எங்கிருந்து வந்தான், என்ன வேணும்னு அப்போ எதுவுமே சொல்லலை. வந்தான், இடிச்சான், ஊரையே நொறுக்கினான். சண்டையோட கடைசி இதழ்ல பக்கத்துக்கு ஒரே படம்தான். பில்டப் செம! முடிவு? ரெண்டு பேரும் மாறி மாறி குத்திக்கிட்டு செத்துப்போனாங்க. டூம்ஸ்டேவுக்கு ஆசையும் கிடையாது, திட்டமும் கிடையாது. அதனால தோற்கிறதுக்கு அவன்கிட்ட ஒரு காரணமும் கிடையாது. யார் குத்து பலமா விழுது, அவ்ளோதான் கதை. 1993-லயே சூப்பர்மேன் திரும்பி வந்துட்டார்!

இப்போ தானோஸுக்கு வாங்க. 1991-ல மார்வெல் வெளியிட்ட ‘இன்ஃபினிட்டி காண்ட்லெட்’, ஜிம் ஸ்டார்லின் எழுதின ஆறு இதழ் கதை. ஐயா கையுறையில ஆறு கல். காலம், வெளி, மனசு, ஆன்மா, சக்தி, நிஜம்னு எல்லாமே அவர் கன்ட்ரோல். முதல் இதழ்லயே ஒரு சொடக்கு, பிரபஞ்சத்துல பாதி உயிர் காலி! டூம்ஸ்டேவெல்லாம் இவன் பக்கத்துல கொசு. நியாயமா பார்த்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கணும்.

முடியலை. ஏன்னா, தலைவர் இதெல்லாம் பண்ணது ஒரு பொண்ணை இம்ப்ரெஸ் பண்ண. அந்தப் பொண்ணு பேரு மரணம்! பாதி பிரபஞ்சத்தை அழிச்சும் அவ ஒரு வார்த்தை பேசலை. ‘ஹீரோக்களுக்கு ஒரு சான்ஸ் குடுத்து ஜெயிச்சுக் காட்டு’ன்னு மெஃபிஸ்டோ ஏத்திவிட, இவனும் தன் பவரைத் தானே குறைச்சுக்கிறான். அந்த சண்டையில ஜெயிச்சும் திருப்தி வரலை. கடைசியில பிரபஞ்சமாவே மாறப் போறேன்னு உடம்பை விட்டுட்டுக் கிளம்ப, கையுறையை உருவினது யாரு? பாதிப் பிணமா பக்கத்துலயே நிக்கவெச்சு அவன் சித்ரவதை பண்ணின நெபுலா! வரம் வாங்கின பஸ்மாசுரன் மோகினியைப் பார்த்துத் தன் தலையில தானே கை வெச்ச கதைதான். பவர் குறையலை, புத்தி மயங்கிடுச்சு.

2018-ல வந்த சினிமாவுல காதலைத் தூக்கிட்டு ‘உயிர்கள் அதிகம், வளம் கம்மி’ன்னு காரணத்தை மாத்தினாங்க. மாஸ் டயலாக் கிடைச்சது, லாஜிக் ஓட்டையாச்சு. அவ்ளோ சக்தி இருந்தா வளத்தை டபுள் பண்ணிட்டுப் போகலாமே பாஸ்? பூமியை மட்டும் பாருங்க. 2018-ல சுமார் 760 கோடி பேர். அதுல பாதி, 1970-களோட தொடக்கத்துல இருந்த கணக்கு. சொடக்கோட பலன் ஐம்பது வருஷம்கூட தாங்காது! காமிக்ஸ்ல இந்தக் கேள்வியே வராது. காதலிக்காகக் கொல்றவன்கிட்ட கணக்கு கேக்க முடியுமா?

கல்ச்சுரல்ஸுக்கு ஸ்கிட், குறும்படம்னு எழுதுற மக்களே... உங்க வில்லனுக்கு எத்தனை ஆள்பலம் வேணும்னாலும் குடுங்க. கூடவே அவன் எதுக்காக ஏங்குறான்னும் எழுதிவைங்க. கிளைமாக்ஸ்ல மாட்டிக்கிட்டா, அங்கே போய்த் தேடலாம்!