ஆயிரம் வாட்ஸ் ஆசை

அனுமந்தன்பட்டியில் என் தாய்மாமன் திராட்சை விற்ற பணத்தில் ஒரு பாட்டுப் பெட்டி வாங்கியிருந்தார். "ஐயாயிரம் வாட்ஸ், மாப்ளே!" என்று அதன் நெற்றியில் பொறித்திருந்த எண்ணைத் தொட்டுக் காட்டினார். அது குடியிருந்த அறையோ பத்துக்குப் பன்னிரண்டு. பெட்டி பாடத் தொடங்கினால் அத்தை கொல்லைப்புறம் போய்விடுவாள்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் பொடி எழுத்தில், அது இழுக்கும் மின்சாரம் 60 வாட்ஸ் என்று அச்சிட்டிருந்தது. அறுபது படி நெல்லைக் குத்தி ஐயாயிரம் படி அரிசி எடுக்கிற வித்தை! இது லோயர் கேம்ப் மின் நிலையத்தாருக்குத் தெரிந்தால், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை மலையிலிருந்து குழாயில் இறக்குகிற சிரமமே அவர்களுக்கு இல்லை.

இந்தப் புளுகுக்குப் பெயர் பி.எம்.பி.ஓ. கண் இமைக்கும் நேரத்தில் எட்டக்கூடிய உச்சம் என்று சொல்லிக்கொள்வார்கள். அதை அளக்கப் பொதுவான விதி கிடையாது. அவரவர் கைப்படியே படி. ஆர்.எம்.எஸ். என்று போட்டு, எத்தனை ஓமுக்கு என்றும் சொன்னால்தான் அது தொடர்ந்து கொடுக்கும் சக்தி.

சரி, ஒரு வீட்டுக்கு எத்தனை வாட்ஸ் வேண்டும்? சாதாரண ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 85 டெசிபல் கேட்கும். நாம் பேசுவது 60. வாட்ஸை இரட்டித்தால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றப் பத்து மடங்கு சக்தி வேண்டும். ஆகவே பக்கத்துக்கு 20 வாட்ஸ் உண்மையாகக் கொடுக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயர் தாராளம். கிளாஸ் டி என்னும் முறையில் வெப்பமாக வீணாவது குறைவு. அதனால்தான் அது உள்ளங்கை அகலத்தில் அடங்குகிறது. அதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். அடாப்டரில் 24 வோல்ட், 3 ஆம்பியர் என்றிருந்தால் பெருக்கிப் பாருங்கள்: 72. அதற்கு மேல் தொடர்ந்து கிடைக்காது. உங்கள் ஸ்பீக்கரின் ஓம் அதற்கு ஒத்துவருமா என்றும் கேளுங்கள். மிச்சப் பணத்தை நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள்.

கடைக்காரரைத் திட்டி என்ன பயன்? நாம் கேட்பது எண். அவர் விற்பதும் எண். கல்யாண வீட்டு வேப்பமரத்தில் கட்டிய குழாய் எத்தனை ஊருக்குக் கேட்டது என்பதில் கௌரவத்தை அளந்து பழகிவிட்டோம். வெட்டவெளிக்கு அது சரி. நாலு சுவருக்குள் எதற்கு?

பக்கத்துப் பண்ணைப்புரத்தில் 1943-ல் பிறந்தவர் இளையராஜா. வயலினுக்குள் வயலினாக அவர் அடுக்கி வைத்ததெல்லாம் மாமாவின் பெட்டியில் வெறும் 'தொம் தொம்'. அடுத்த முறை போனபோது என் சின்னப் பெட்டியைக் கொண்டுபோய் மாட்டினேன். மாமா ஒரு பாட்டு முழுக்க வாய் திறக்கவில்லை. அத்தை கதவோரம் வந்து நின்றாள்.

"எத்தனை வாட்ஸ்?"

"இருபது, மாமா."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா வெளியே சொல்ல முடியாதே, மாப்ளே!"