கொள்ளிடம் கற்பித்த கணக்கு

சென்ற வாரம் பூகோள வகுப்பில் ஒரு பையன் நம்மைச் சிறிது திணற அடித்துவிட்டான். பூமியின் உஷ்ணம் யந்திர யுகத்துக்கு முன் இருந்ததைவிட ஒன்றேகால் டிகிரிக்கு மேல் ஏறியிருப்பதையும், 2024-ஆம் வருஷத்தில் அது ஒன்றரை டிகிரியையே தாண்டியதையும் சொல்லிக்கொண்டிருந்தோம். "சூடு கொஞ்சம் கொஞ்சமாகத்தானே ஏறுகிறது, ஸார்? கஷ்டமும் அப்படித்தானே வரும்? அதற்குள் பழகிக்கொள்ள மாட்டோமா?" என்றான்.

நியாயமான கேள்விதான். ஸ்ரீரங்கத்துப் பையனாகையால், பதிலுக்கு வெகு தூரம் போகவில்லை, முக்கொம்பையே எடுத்துக்கொண்டோம்.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவேரி, வடக்கே கொள்ளிடம். நடுவே ரங்கநாதர் சயனித்திருக்கிறார். கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. அதன் வழியும் நேரானது. ஆகவே வெள்ளம் அந்தப் பக்கமே சாய்ந்தது. காவேரியில் ஜலம் குறைந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் மணல் படியும். மணல் படிந்தால் ஆற்றின் வாய் மேடாகும். மேடானால் மறு வருஷம் இன்னும் குறைந்த ஜலமே உள்ளே வரும். இந்தச் சுழல் ஒரு முறை ஆரம்பித்துவிட்டால் வேறொருவர் தூண்ட வேண்டியதில்லை. தஞ்சை ஜில்லாவின் நஞ்சைகளுக்கே ஆபத்து வந்திருந்தது. ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கி, ஆற்றைத் திருப்பினார். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை! காவேரிப் பக்கம் வேகம் மிஞ்சி, அதன் படுகை அரிக்கத் தொடங்கிற்று. அதைத் தடுக்க வேறு வேலைகள் செய்ய வேண்டியதாயிற்று. ஆற்றுக்கு நடுநிலைமை பிடிக்காது போலும்!

நூற்றெண்பது வருஷம் நின்ற அந்த மேலணையில், 2018-ஆம் வருஷம் ஆகஸ்டு 22-ந் தேதி இரவு, கொள்ளிடப் பக்கத்து மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போய்விட்டன. வரம்பின்றி மணல் அள்ளியதே காரணமென்று பலர் குற்றஞ்சாட்டினார்கள். அடியில் நடந்தது எதுவாயினும், மேலே குழந்தைகளோடு வேர்க்கடலை கொறித்தபடி உலாவிய நமக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு புதிய கதவணை கட்டினார்கள்.

பூமிக்கும் இத்தகைய இடங்கள் உண்டென்று விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள். 'கவிழ்நிலை' என்று நாம் பெயர் வைத்துக்கொள்வோம். கிரீன்லாந்தின் பனிப்பாளம் சில இடங்களில் மூன்று கிலோமீட்டர் கனமுள்ளது. உருகினால் அதன் உச்சி தாழும். தாழ்ந்த இடத்துக் காற்றில் உஷ்ணம் அதிகம். ஆகையால் மேலும் உருகும். நமது மணல் கணக்கேதான்! ஓர் எல்லையைத் தாண்டினால், பிறகு சூடு ஏறாமல் நின்றாலும் உருகுவது நிற்காது. அந்த எல்லை ஒன்றரை டிகிரியை ஒட்டியே இருக்கலாமென்று 2022-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. முழுவதும் கரைய ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். ஆனால் கடல் ஏழு மீட்டர் உயரும். நாகப்பட்டினத்தில் சம்பந்தம் செய்திருப்பவர்கள் இந்த இடத்தைச் சற்று மெதுவாகப் படிக்கலாம்.

மன்னார் வளைகுடாவின் பவளங்கள் 2010-லும் 2016-லும் வெளுத்துப் பல மாண்டதும் இந்தக் கதையைச் சேர்ந்ததே.

நமக்கு அதிகக் கவலை தருவது அட்லாண்டிக் சமுத்திரத்தின் நீரோட்டம். கிரீன்லாந்தின் நன்னீர் கலக்கக் கலக்க அது தளரும்; மிகத் தளர்ந்தால் நமது தென்மேற்குப் பருவமழையும் குன்றக்கூடும் என்று கணக்கிடுகிறார்கள். குடகில் மழையில்லையேல் மேட்டூரில் ஜலமேது? ஜூன் 12-ந் தேதி எதைத் திறப்பது? ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபப் படித்துறையில் பெண்கள் சித்ரான்னத்தோடு மணலைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அப்படி உட்கார்ந்த வருஷங்களை நாமே கண்டிருக்கிறோம். ஆனால் அவை வந்து போன வருஷங்கள்.

"பனிக்கும் ஓர் அணை கட்ட முடியாதா, ஸார்?" என்றான் பையன். முடியாது, நிலக்கரிப் புகையையும் எண்ணெய்ப் புகையையும் குறைக்கலாம், எல்லைக்கு இப்பாலே நின்றுவிடலாம், அவ்வளவுதான் என்றோம். எல்லை எங்கே என்று கேட்டான். டிகிரிக் கணக்கில் உத்தேசமாகச் சொல்லலாமே தவிர, தேதி சொல்ல முடியாது என்றோம்.

மணி அடித்துவிட்டது. பையன் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே, "22-ந் தேதி சாயங்காலம் முக்கொம்பில் நின்றிருந்தால் ஏதாவது தெரிந்திருக்குமா?" என்றான்.

தெரிந்திராது என்றோம்.