வசம்பும் கிரைப் வாட்டரும்

சித்தூரிலிருந்து பலமநேர் போகும் சாலையில் இருக்கிறது பங்காருபாளையம். மாங்காய் சீசனில் ராத்திரி முழுக்க லாரிகள் உறுமும். போன சீசனில் தங்கை வீட்டில் யாரும் தூங்காததற்கு லாரிகள் காரணமில்லை. அவள் மகளுக்கு முதல் பிரசவம்; இருபத்தைந்து நாள் பையன். சாயங்காலம் ஏழு மணிக்கு ஆரம்பித்தால் நடுநிசி வரை வீறிட்டு அழுதான். முகம் சிவந்து, முஷ்டியை இறுக்கி, கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு. எப்போதாவது காற்று பிரிந்தால் வீடே பெருமூச்சு விட்டது.

"வாயுதான். வசம்பைச் சுட்டு, உரைச்சு நாக்குல தடவுங்க" என்றார் தங்கையின் மாமியார். பக்கத்து வீட்டுத் தெலுங்கம்மாவின் யோசனையும் அதுவே. (தெலுங்கில் அது 'வச'. கொடுத்தால் பிள்ளை சீக்கிரம் பேசுமாம். ஓயாமல் பேசுகிறவர்களை 'வசபிட்ட' என்பார்கள்.) மாப்பிள்ளை கிரைப் வாட்டரோடு வந்தார். "என் பால்தான் ஒத்துக்கலையா பெரியம்மா?" என்று பையனின் அம்மாவும் அழுதாள். பல வீடுகளில் இந்தக் கேள்விக்கு அடுத்த கட்டம் புட்டிப்பால்.

பாலில் குறையில்லை. நன்றாகப் பால் குடித்து எடை கூடும் குழந்தை, நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் அதற்கு 'கோலிக்' என்று 1954இல் இலக்கணம் வகுத்தார் அமெரிக்க மருத்துவர் மாரிஸ் வெஸல். ஆறாவது வார வாக்கில் உச்சத்துக்குப் போகும். மூன்று, நான்கு மாதத்தில் பெரும்பாலும் தானே அடங்கும். காரணம் இன்றுவரை பிடிபடவில்லை. அழும்போது குழந்தை காற்றை விழுங்குகிறது. ஆகவே வாயுவால் அழுகையா, அழுகையால் வாயுவா என்பதே வழக்கு.

கிரைப் வாட்டரின் பூர்வீகம் இங்கிலாந்து. 1851இல் வில்லியம் உட்வர்ட் தயாரித்த அதில் சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரையோடு சாராயமும் இருந்தது. குழந்தைகள் சமர்த்தாகத் தூங்கியதில் ஆச்சரியமில்லை! அங்கே சாராயத்தை நீக்கியது 1990களில்தான். வசம்பும் சாதுவல்ல. அதிலுள்ள அசரோன் என்ற பொருளுக்கு அஞ்சி அமெரிக்கா 1968இல் அதை உணவில் தடை செய்தது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றின் மேல் பெருங்காயப் பற்றா? கொடி விழுந்து தொப்புள் ஆறும் வரை அங்கே எதுவும் கூடாது. பிறகு, பூசுவதோடு நின்றால் மாமியாரோடு சண்டை வேண்டாம்.

தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் எடுப்பதையே சண்டிகரில் சோதித்துப் பார்த்தார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வில் 71 தாய்–சேய் ஜோடிகள். தட்டியதால் கோலிக் குறையவில்லை; பால் கக்குவதுதான் கூடியது. எனக்கும் இது அதிர்ச்சிதான். ஆனாலும் தோளை விட மாட்டேன். ஏப்பம் வராவிட்டாலும் அணைப்பு கிடைக்கிறதே. குழந்தையை முன்கையில் குப்புறத் தாங்கி நடக்கலாம். மல்லாத்திப் போட்டு சைக்கிள் மிதிப்பதுபோல் கால்களை மெல்ல மடக்கி நீட்டலாம். விளக்கைக் குறைத்து, கூட்டத்தைக் கலைக்கலாம். பால் குடிக்கும்போது காம்பு மட்டுமின்றிச் சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போகிறதா என்று பாருங்கள். தூங்கிவிட்டால் மல்லாந்தே கிடத்துங்கள்.

ராத்திரி இரண்டு மணிக்குப் பெற்றவளுக்கே ஆத்திரம் வரும். வெட்கப்பட வேண்டாம். குழந்தையைப் பத்திரமாகக் கிடத்திவிட்டு, ஐந்து நிமிஷம் வாசலில் நில்லுங்கள். எக்காரணம் கொண்டும் பிடித்து உலுக்கக் கூடாது. மூளைக்குள் ரத்தம் கசியும்.

பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், 100.4 டிகிரி காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, துவண்டு போவது, வயிறு கல்லாக உப்புவது – இதில் எது இருந்தாலும் வசம்பைத் தேடாதீர்கள், விடியக் காத்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள்.

பங்காருபாளையத்தில் முறை போட்டுக்கொண்டோம். பத்து மணி வரை மாப்பிள்ளை, பிறகு நான், எனக்கப்புறம் தங்கை. பையன் அதே நேரம்தான் அழுதான். அவன் அம்மா நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினாள்.