மசினகுடியில் நீங்க புக் பண்றது வீடா, ரிசார்ட்டா? கேட்டுட்டு அட்வான்ஸ் போடுங்க!

லாங் வீக்எண்டுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போதே வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சு ஆரம்பிச்சிடும். ஊட்டி செம கூட்டம், கொடைக்கானல் போன வருஷமே போயாச்சு, அப்போ மசினகுடி! 2023-ல் 'மசினகுடி வழி ஊட்டி' என்று மலையாள ரீல்ஸ் கிளப்பிவிட்ட அலை இன்னும் ஓயவில்லை. அதே வருஷம்தான் தெப்பக்காடு யானைகள் முகாமில் எடுத்த 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' ஆஸ்கர் வாங்கியது. 36 கொண்டை ஊசி வளைவு, ரோட்டோரம் மான் கூட்டம், அதிர்ஷ்டம் இருந்தால் யானை. ஆசைப்படுறதில் தப்பே இல்லை.

ரூம் தேட ஆப்பைத் திறந்தால் வரிசையா வந்து நிற்கும். 'பிரைவேட் காட்டேஜ்', 'ஃபாரஸ்ட் வியூ', 'கேம்ப் ஃபயர் உண்டு', 'பால்கனியிலிருந்தே யானை பார்க்கலாம்'. போட்டோ இருக்கும், ரேட்டிங் இருக்கும், வாடகை இருக்கும். அந்தக் கட்டடம் அரசாங்கப் பதிவேட்டில் என்னவாக இருக்கிறது என்பது மட்டும் இருக்காது. வீடு என்று இருக்கிறதா, தங்கும் விடுதி என்று இருக்கிறதா? 'அது ஓனரோட தலைவலி' என்று ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. இருபது வருஷமாக இந்தக் காட்டைச் சுற்றி நடக்கும் சட்டச் சண்டையில் பாதி இந்த ஒரு கேள்விக்குள்தான் இருக்கு.

முதலில் இடத்தைப் பார்த்துடுவோம். மேப்பைத் திறந்து சாட்டிலைட் வியூ போடுங்க. தெற்கே நீலகிரி மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கும். வடக்கே மாயாறு வெட்டிப்போட்ட ஆழமான பள்ளத்தாக்கு. நடுவில் ஒரு மேட்டுநிலம் கிடக்கிறதே, அதுதான் சீகூர் பீடபூமி. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து சத்தியமங்கலம் வழியாகக் கிழக்குத் தொடர்ச்சி மலைக்குப் போகும் யானைகளுக்கு இது முக்கியமான பாதை. செங்குத்து மலையில் யானை ஏறாது, அந்தப் பள்ளத்திலும் இறங்காது. நடுவில் கிடைக்கிற இடத்தில்தான் நடக்கணும். மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம், சிங்காரா என்று நீங்க ஆப்பில் பார்க்கும் அத்தனை ஊரும் இருப்பது அதே நடுவில்தான்.

இங்கே முதலில் வந்து இடத்தை அடைத்தது ரிசார்ட் இல்லை என்பதையும் சொல்லிடணும். 1932-லேயே சிங்காராவில் பைக்காரா நீர்மின் நிலையம் வந்துவிட்டது. பிறகு மாயாறு மின் நிலையம், ராட்சதக் குழாய்கள், கால்வாய்கள், ஊழியர் குடியிருப்புகள். யானையின் வழியில் முதல் பெரிய தடையைக் கட்டியது அரசாங்கமேதான்.

ஒரே நிலம், எத்தனை விதி!

முதுமலை 1940-லிருந்து சரணாலயம், 2007-லிருந்து புலிகள் காப்பகம். சுமார் 688 சதுர கி.மீ. பரப்பில் 321 சதுர கி.மீ. உள்மண்டலம். அங்கே வெளியாள் கட்டடம் என்ற பேச்சே இல்லை. மிச்சம் வெளிமண்டலம், மசினகுடி வருவது அதில். மக்கள் வாழ்வதும் காடு பிழைப்பதும் சேர்ந்தே நடக்கணும் என்பதுதான் வெளிமண்டலத்துக்கு வனவிலங்குச் சட்டம் சொல்லும் நோக்கம். கேட்க அழகா இருக்கு. அங்கே ஒரு செங்கல் வைக்கணும் என்றால் எந்தச் சட்டம் பேசும் என்பதில்தான் சிக்கல்.

1949-ஆம் வருஷத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. தனியார் காடு என்று அறிவித்த நிலம் பட்டாவோடு உங்க கையில் இருந்தாலும், ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி இல்லாமல் விற்கவோ மரம் வெட்டவோ முடியாது. 1990-ல் வந்த மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம், அதாவது 'ஹாகா', தன் பட்டியலில் உள்ள கிராமங்களில் கட்டடங்களைக் கண்காணிக்கும். 1993-லிருந்து நீலகிரிக்கென்று தனி மாஸ்டர் பிளான். 2010 ஆகஸ்ட் 31-ல் தமிழக அரசு வெளியிட்ட சீகூர் யானை வழித்தட அரசாணை இதற்கெல்லாம் மேலே. சுமார் 22 கி.மீ. நீளம், ஒன்றரை கி.மீ. அகலத்துக்கு ஒரு பாதையை யானைக்கு ஒதுக்கிய அறிவிப்பு அது.

இதோடு முடியலை. காப்பகங்களைச் சுற்றி 'சூழல் உணர்திறன் மண்டலம்' என்று ஒன்று. 2011-ல் மத்திய அரசு கொடுத்த வழிகாட்டுதலில் மூன்று பட்டியல் இருக்கு. சுரங்கம், மர அறுவை மில், மாசு கக்கும் ஆலை எல்லாம் கூடவே கூடாது. உள்ளூர்க்காரர்களின் விவசாயம், மழைநீர் சேகரிப்புக்குத் தடை இல்லை. ஹோட்டலும் ரிசார்ட்டும் நடுப்பட்டியலில். அதாவது விலங்குகளின் நடமாட்டத்தைத் தடுக்காமல், முதன்மைத் திட்டத்துக்கு உட்பட்டு, கட்டுப்பாட்டோடு நடத்தலாம்.

இவ்வளவு வேலி இருந்தும் ரிசார்ட்டுகள் எப்படி முளைத்தன? பெரிய திட்டம் ஒன்று இதே இடத்தில் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னால் புரியும்.

நியூட்ரினோ ஆய்வகம் ஞாபகம் இருக்கா? தேனி பொட்டிபுரம் என்று படித்திருப்பீங்க. முதலில் அது வரவேண்டியது சிங்காராவில். மத்திய அரசின் திட்டம், நாட்டின் பெரிய விஞ்ஞானிகள் எல்லாம் பின்னால் நின்றார்கள். அப்படியும் 2009 நவம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் முடியாது என்று சொல்லிவிட்டது. புலிகள் காப்பகத்தை ஒட்டிய இடம், யானை நடமாடும் பாதை என்பது காரணம். அது சரியான முடிவு என்பதுதான் என் கருத்து. ஆனா யோசிங்க, விஞ்ஞானிகளையே திருப்பி அனுப்பிய காட்டில் கேம்ப் ஃபயர் ரிசார்ட்டுகள் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தன.

விஷயம் சிம்பிள். பெரிய திட்டம் அனுமதி கேட்டு வாசல் கதவைத் தட்டியாகணும். அதனால்தான் அதை நிறுத்த முடிந்தது. நாலு ரூம் காட்டேஜ் அந்த வாசலுக்கே வருவதில்லை. குடியிருக்க வீடு என்று சொல்லி அனுமதி வாங்கி, பிறகு வாடகைக்கு விடுவது நடந்தது. இந்த வழக்கில் நீதிமன்றத்தின் முன் வந்த புகார்களில் இதுவும் ஒன்று. செங்கல், சிமென்ட், கூரை எல்லாம் வீடுதான். வெள்ளிக்கிழமை ராத்திரி நீங்க செக்-இன் பண்ணும்போது அதே கட்டடம் ஹோட்டல் ஆகிடுது. நிலத்தின் பயன்பாடு மாறுவது பத்திரத்தில் இல்லை, உங்க புக்கிங்கில்!

கோர்ட் என்ன சொல்லுச்சு?

2010 அரசாணையை எதிர்த்து நில உரிமையாளர்களும் ரிசார்ட் தரப்பும் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2011 ஏப்ரலில் அரசாணை செல்லும் என்று தீர்ப்பு. அங்கிருந்து உச்ச நீதிமன்றம். 2018 ஆகஸ்டில் 11 ரிசார்ட்டுகளை 48 மணி நேரத்தில் மூடச் சொன்னது உச்ச நீதிமன்றம். மாவட்ட நிர்வாகம் அந்த மாதத்திலேயே 27 இடங்களுக்கு சீல் வைத்தது. 2020 அக்டோபர் 14-ல் இறுதித் தீர்ப்பு. வழித்தட அறிவிப்பு சரி, யானையின் பாதையைக் காப்பது அரசின் கடமை என்று தெளிவாகச் சொல்லியாச்சு. தனித்தனி நிலங்கள் பற்றிய ஆட்சேபனைகளைக் கேட்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே.வெங்கட்ராமன் தலைமையில் ஒரு குழுவும் அமைத்தது.

தீர்ப்பு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. 2021 ஜனவரியில் மசினகுடிப் பக்கம் உடம்பில் காயத்தோடு சுற்றிக்கொண்டிருந்த ஓர் ஆண் யானை, ஒரு கட்டடத்தின் பக்கம் போனது. மேலேயிருந்து எரியும் பொருளை அதன் மேல் வீசினார்கள். அது காதில் சிக்கி எரிய, யானை தலைதெறிக்க ஓடியது. ஜனவரி 19-ல் சிகிச்சைக்காகத் தெப்பக்காட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் செத்துப்போனது. லாரியில் கிடந்த அதன் தும்பிக்கையைத் தடவி வனத்துறை ஊழியர் அழும் வீடியோவை நீங்களும் ஷேர் பண்ணியிருக்கலாம். சம்பவம் நடந்த இடம் உரிமம் இல்லாமல் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்பட்டது என்று அதிகாரிகள் சீல் வைத்தார்கள். 'வீடு' என்ற அந்த ஓட்டை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான சாட்சி வேண்டியதில்லை.

அப்போ எல்லாத்தையும் இடிச்சுடலாமா?

கமென்ட்டில் கோபமாக இப்படித்தான் எழுதுவாங்க. கொஞ்சம் நில்லுங்க. அந்த ஊர்களில் நிஜமான வீடுகளும் இருக்கு. இருளர், குறும்பர் குடும்பங்கள் இருக்காங்க. மின் நிலைய வேலைக்கு வந்து தலைமுறையாகத் தங்கியவங்க இருக்காங்க. வேலி போட வசதி இல்லாத, யானை வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும் வீடுகள் அவை.

விதி முரட்டுத்தனமாக வந்தால் முதலில் அடிபடுவது அவங்கதான். 2022 ஜூன் 3-ல் உச்ச நீதிமன்றம், பாதுகாக்கப்பட்ட காடுகளைச் சுற்றிக் குறைந்தது 1 கி.மீ. மண்டலம், அதில் புது நிரந்தரக் கட்டுமானமே கூடாது என்று உத்தரவிட்டது. வயநாட்டிலும் இடுக்கியிலும் ஹர்த்தால் நடந்தது. கூடலூர்ப் பக்கமும் பயம் பரவியது. ஒருத்தர் தன் சொந்த வீட்டை இடித்துக் கட்டணும் என்றாலும் முதன்மை வனப் பாதுகாவலர் வரைக்கும் போகணும் என்றால் நடக்கிற காரியமா? 2023 ஏப்ரல் 26-ல் நீதிமன்றமே அதை ஏற்று, கட்டுமானத்துக்கான ஒட்டுமொத்தத் தடையை நீக்கியது. சுரங்கத்துக்கான தடை மட்டும் அப்படியே தொடர்கிறது.

சுவாரஸ்யம் என்னன்னா, இந்த உத்தரவு எல்லாம் வந்த கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு பிறந்ததே இதே கூடலூர்க் காட்டுக்காகத்தான். நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த அவர், அங்கே மரம் வெட்டப்படுவதைப் பார்த்து 1995-ல் உச்ச நீதிமன்றம் போனார். அந்தக் கோவிலகத்தின் கையில் இருந்த ஜென்ம நிலங்களை அரசு எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது 1969-ல். அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவில் சிக்கிய நிலங்களில் வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இன்னும் பட்டா இல்லை. பட்டா இல்லாதவர் 'இது என் வீடு' என்று எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? ரிசார்ட் ஓனரிடம் காகிதமும் இருக்கு, வக்கீலும் இருக்கு.

2024 ஏப்ரல் கடைசியில் வனத்துறை வெளியிட்ட வரைவு அறிக்கை இதற்கு அடுத்த அத்தியாயம். தமிழகம் முழுக்க 42 யானை வழித்தடங்களை அது அடையாளம் காட்டியது. கருத்துச் சொல்லக் கொடுத்தது சில நாள்கள்தான். அறிக்கை தமிழில் இல்லை என்ற கோபமும் சேர, கூடலூரில் போராட்டம் வெடித்தது. வழித்தடம் வேணும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா தன் வீட்டு வாசல் மேப்பில் வருதா இல்லையா என்று ஒரு விவசாயி தன் மொழியில் படித்துத் தெரிந்துகொள்ள முடியலைன்னா, அவர் ரிசார்ட்காரர் பக்கம்தான் போய் நிற்பார். யானைக்கு எதிராக ஊரையே திரட்டிக் கொடுத்த மாதிரி ஆகிடும்.

அதனால் கட்டடத்தை அளப்பதை விட்டு, பயன்பாட்டை அளக்கணும் என்பது என் கட்சி. 600 சதுர அடி வீட்டில் ஒரு குடும்பம் இருப்பது வேறு. அதே 600 சதுர அடியில் வாரத்துக்கு மூணு குரூப், ராத்திரி லைட், ஸ்பீக்கர், மின்வேலி, ஜீப் என்று ஓடுவது வேறு. முதல் வீட்டுக்குப் பட்டாவும் கரன்ட்டும் கொடுக்கணும். இரண்டாவது, தன்னை விடுதி என்று சொல்லிக்கொண்டு அனுமதி வாசலுக்கு வரட்டும். அனுமதி கிடைத்தால் நடத்தட்டும், இல்லைன்னா மூடட்டும். இதைச் சரிபார்க்கப் புதுச் சட்டம்கூட வேண்டாம். எல்லா காட்டேஜும் ஆப்பில் விளம்பரத்தோடு கண்ணெதிரே கிடக்கு. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் கேட்கும் நிர்வாகத்துக்கு, அந்த ஆப்பைத் திறந்து பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பெரிய வேலையா என்ன?

சரி, உங்க டிரிப்புக்கு வருவோம். புக் பண்ணும் முன் ஓனருக்கு போன் போடுங்க. கட்டட அனுமதி குடியிருப்புக்கா, வணிகத்துக்கா? உள்ளாட்சி உரிமம் இருக்கா? போட்டோ அனுப்பச் சொல்லுங்க. 'அதெல்லாம் ஒண்ணும் பிரச்னை இல்ல, நீங்க வாங்க' என்று மட்டும் பதில் வந்தால் வேறு இடம் பாருங்க. 'ராத்திரி யானை வரும், காட்டுறோம்' என்று சொன்னால் கண்டிப்பா வேறு இடம் பாருங்க. தெப்பக்காட்டில் வனத்துறையின் தங்கும் அறைகள் இருக்கு, தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதியும் இருக்கு. நீச்சல் குளம் கிடையாது, சீக்கிரம் நிறைஞ்சிடும், அதனால் முன்கூட்டியே போடணும். சஃபாரிக்கு வனத்துறை வண்டி மட்டும்தான் சரி. மைசூரு பக்கமிருந்து வர்றவங்க நேரத்தைப் பார்த்துக்கிளம்புங்க, பந்திப்பூர் சாலை ராத்திரி 9 மணிக்கு மூடினால் காலை 6-க்குத்தான் திறக்கும்.