நுணுக்கலாமா என்பதைச் சீட்டிலேயே எழுதுவோம்

காலை 1, மதியம் 1, இரவு 1 என்று சீட்டில் எழுதிவிடுகிறோம். மாத்திரை தொண்டையில் இறங்காவிட்டால் என்ன செய்வது என்பதை வீட்டாரின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுகிறோம். பார்க்கின்சன் நோயாளி விஷயத்தில் இது ஆபத்து.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. ஆனாலும் கல்வராயன் மலையின் உள்கிராமத்தில் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுப்பவர் மருமகளோ பேரனோதான். அவர்களுக்குத் தோன்றும் வழிகள் இரண்டு: அம்மியில் நுணுக்குவது, களி உருண்டைக்குள் வைத்து ஊட்டுவது.

லெவோடோபா–கார்பிடோபா சாதாரண மாத்திரையென்றால் நுணுக்கலாம். தண்ணீரில் கலந்தவுடன் கொடுத்துவிட வேண்டும். வைத்திருந்தால் நிறம் மாறி வீரியம் குறையும். தண்ணீரே புரையேறுகிறவருக்கு மசித்த பப்பாளியில் ஒரு கரண்டி, நிமிர்ந்து உட்காரவைத்து. அட்டையில் 'சி.ஆர்.' என்றிருந்தால் நுணுக்கவே கூடாது. பல மணி நேரத்துக்கான மருந்து மொத்தமாக இறங்கி ரத்த அழுத்தம் சரியும், கைகால் தானாக நெளியும். அடுத்த வேளைக்கு முன்பே உடல் விறைத்துவிடும். சாதாரண மாத்திரைக்கு மாற்றும்போதும் அளவை மருத்துவர்தான் கணக்கிட வேண்டும். இரண்டும் ரத்தத்தில் சேரும் விகிதம் வேறு.

களி ஒட்டும், விழுங்கத் திணறுகிறவருக்கு அதுவே அடைத்துக்கொள்ளும். பாலோடும் பருப்போடும் கொடுத்தால் புரதம் போட்டியிட்டு மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு மாத்திரை, அது வேலைசெய்யத் தொடங்கியபின் உணவு என்றால், பலருக்கு விழுங்குவதும் சற்று எளிதாகும்.

எல்லாவற்றையும்விட மோசமானது, இறங்கவில்லை என்று மருந்தையே நிறுத்துவது. திடீரென நின்றால் கடும் விறைப்பு, காய்ச்சல், நினைவுத் தடுமாற்றம் வரலாம், உயிரும் போகலாம். இந்தத் தவறு வீட்டில் மட்டும் நடப்பதில்லை. வார்டில் 'வாய்வழி எதுவும் வேண்டாம்' என்று எழுதும் கையே, ரைல்ஸ் டியூப் வழியாக அதே நேரத்துக்கு லெவோடோபா கொடுக்கவும் எழுத வேண்டும். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு வேண்டாம். அது டோபமைனைத் தடுக்கும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்கள் வீட்டுக்கே போகிறார்கள். சாப்பிடும்போது இருமல், நீர் கோத்த குரல், எடை குறைவு ஆகியவற்றை முதலில் பார்ப்பவர்கள் அவர்களே. இருமலே இல்லாமலும் உணவு மூச்சுக்குழலில் இறங்கலாம் என்பதை அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். மருந்தாளுநர்களும் மருத்துவர்களும் செய்ய வேண்டியது சீட்டில் ஒரு வரி கூட்டுவதுதான்: 'நுணுக்கலாம்' அல்லது 'நுணுக்கக் கூடாது; விழுங்க முடியாவிட்டால் நிறுத்தாமல் எங்களை அழையுங்கள்'. கீழே தொலைபேசி எண்ணும் இருக்கட்டும்.