பூக்காத செடி என்று ஒன்று உண்டா?



காலிபிளவர் ஊட்டியில் விளைவது, நம் மதுரை வெயிலுக்கு ஆகாது என்றே பலரும் எண்ணுகின்றனர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு தை மாதம் ‘ஸ்நோபால்’ என்னும் வகையை மாடித் தொட்டியில் விதைத்தேன். பங்குனி வரை இலைகள் செழித்தன. பூ மட்டும் வரவில்லை. “மலட்டுச் செடி, பிடுங்கிப் போடு!” என்றார் பாட்டி. பிடுங்கினேன். இன்று அதற்காக வருந்துகிறேன். ஏன்?

குற்றம் செடியுடையதன்று. ஸ்நோபால் வகை பூக்கட்ட ஏறத்தாழ 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டும். மதுரைப் பங்குனியில் அதற்கு எங்கே போவது? 1822-இல் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்த இச்செடியை, வடநாட்டு உழவர்கள் தலைமுறை தலைமுறையாக விதை பொறுக்கி வெப்பத்துக்கும் பழக்கினர். அவ்வழி வந்த முன்பருவ வகைகள் 20 முதல் 27 டிகிரியிலும் பூக்கட்டும். ஆனால் அவற்றைக் கடுங்குளிரில் நட்டாலோ, செடி வளருமுன்பே சட்டைப் பொத்தான் போலச் சிறு பூ வைத்து நின்றுவிடும்! எல்லா ஊருக்கும் ஏற்ற விதை என்று ஒன்றில்லை.

வீட்டுக்குள் வளர்த்தால் என்ன என்று கேட்கலாம். வெளிச்சமுள்ள சன்னலோரத்தில் நாற்று வளர்க்கலாம். பூ வேண்டுமெனில் நாள்தோறும் ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். மின்விளக்கொளியிலும் வளர்ப்பவர்கள் உண்டு. அந்த மின்சாரச் செலவுக்குச் சந்தையிலேயே பூ வாங்கிவிடலாம் என்பது என் கருத்து.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது பழமொழி. எல்லாப் பயிருக்கும் ஆடிதான் என்பதன்று அதன் பொருள். உரிய பட்டத்தைத் தேடு என்பதே. ஆகவே, இம்முறை முன்பருவ வகையை ஆவணிக் கடைசியில் நாற்றுவிட்டு, ஒரு மாதம் கழித்துத் தொட்டிக்கு மாற்றினேன். மார்கழியில் இரு கைகளில் அடங்கும் வெண்பூ திரண்டது! வெயில் பட்டு மஞ்சளாகாதபடி இலைகளை மேலே சேர்த்துக் கட்டியவர் யார் தெரியுமா? அதே பாட்டிதான்!

தோழியரே, நம் வகுப்பிலும் ‘மக்கு’ என்று பெயர் வாங்கியவர்கள் உண்டு. கணக்கில் தேறாமல் ஓராண்டு நானும் அப்பெயரைச் சுமந்தேன். ‘மலடு’, ‘மக்கு’ என்று சொல்லிப் பிடுங்கி எறிவது எளிது. அதற்கு முன், உரிய பருவத்தையும் இடத்தையும் கொடுத்தோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்!

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி